குன்றின் மேல் மண்டபம், அடியில் ரயில்: ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

கடலைப் பார்த்து நிற்கும் செங்குத்தான பாறை. அதன் விளிம்பை ஒட்டி வட்டமான கல் மண்டபம். கீழே பாறையைத் துளைத்துக்கொண்டு ஒரு ரயில் வெளியே வந்து கடற்கரையோரம் ஓடுகிறது. வாட்ஸ்அப்பில் இந்தப் படம் வரும்போதெல்லாம் பார்ப்பவர்களுக்கு வரும் முதல் சந்தேகம்: இத்தனை அதிர்வில் மேலே இருக்கும் கட்டடம் எப்படி நிற்கிறது? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு இரண்டாவது சந்தேகமும் உண்டு: சென்னையிலிருந்து மாமல்லபுரம் வழியாக நம் பக்கம் வருவதாகச் சொல்லும் கடற்கரை ரயில் வந்தால் இங்கே என்ன ஆகும்?

அந்தத் திட்டம் சுமார் 179 கி.மீ. நீளமானது. பேச்சு தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. இடையில் சில பட்ஜெட்டுகளில் ஆயிரம் ரூபாய் மட்டும் ஒதுக்கி, திட்டத்தை ஏட்டில் உயிரோடு வைத்திருந்தார்கள். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் சாலையில் இருபது சொச்சம் கி.மீ.தான், ரயிலில் போக வேண்டுமானால் இன்றும் விழுப்புரத்தைச் சுற்ற வேண்டும். ஆகவே பாதை வர வேண்டும் என்ற ஆசையும் பழைய சின்னங்களுக்கு என்ன ஆகுமோ என்ற பயமும் ஒரே ஆட்களிடமே இருக்கின்றன.

இதில் மூன்று கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஓடும் ரயில் கெடுக்குமா? பாதை போடும் வேலை கெடுக்குமா? பாதை வந்த பிறகு நீரும் கடலும் போகும் வழி மாறினால் என்ன ஆகும்? மக்கள் முதல் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சேதக் கணக்கில் கடைசியில் நிற்பது அதுதான்.

படத்தில் இருப்பது என்ன?

அது வட அயர்லாந்தின் வடக்குக் கடற்கரையில், டவுன்ஹில் என்ற இடத்தில் இருக்கும் மசென்டன் டெம்பிள். பெயரில் டெம்பிள் இருந்தாலும் கோயில் அல்ல, நூலகம். டெரியின் பிஷப்பும் பிரிஸ்டலின் நான்காம் பிரபுவுமான ஃப்ரெடரிக் ஹெர்வி, பண்டைய ரோமானிய வட்டக் கோயிலின் சாயலில் 1785-இல் கட்டி முடித்தார். உறவுக்காரப் பெண்ணான ஃப்ரைட்ஸ்வைட் மசென்டனின் பெயரை அதற்கு வைத்தார். புராட்டஸ்டன்ட் பிஷப்பான அவர், ஊரில் கத்தோலிக்கர்களுக்குத் தேவாலயம் இல்லாததால் மண்டபத்தின் கீழறையில் அவர்கள் பூசை நடத்த அனுமதித்தார் என்பது தனிக்கதை.

மண்டபம் நிற்கும் பாறையின் உயரம் சுமார் 120 அடி. ரயில் வந்தது 1853-இல், அதாவது மண்டபம் கட்டி ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து. இந்த இடத்தைக் கடக்க இரண்டு சுரங்கப்பாதைகள் குடைந்தார்கள்: ஒன்று சுமார் 610 மீட்டர், இன்னொன்று சுமார் 280 மீட்டர். பாறை கருநிற எரிமலைப் பாறையான பசால்ட். 170 ஆண்டுகளாக ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது, மண்டபமும் நிற்கிறது.

மேட்டின் மேல் பிஷப் கட்டிய மாளிகையோ இன்று கூரையில்லாத வெறும் சுவர். அதைக் கெடுத்தது 1851-இல் பிடித்த தீயும், பின்னால் ஆளில்லாமல் கைவிடப்பட்டதும். தீப்பிடித்தபோது அங்கே ரயிலே வரவில்லை.

ரயில் ஏன் பாறைக்கு அடியில் போகிறது?

இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம்: உராய்வு குறைவு. அதனால்தான் ஒரு இன்ஜின் ஆயிரக்கணக்கான டன்னை இழுக்கிறது. அதே காரணத்தால் ஏற்றம் ஏற முடிவதில்லை. லாரி 15 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறிவிடும். ரயிலுக்கு 100 மீட்டருக்கு 1 மீட்டர் என்பதே கடினமான ஏற்றம். சமவெளிப் பாதைகளில் அதைவிடத் தட்டையாகத்தான் போடுவார்கள். வளைவும் அப்படியே. நம் அகலப்பாதையில் 175 மீட்டர் ஆரத்தைவிட இறுக்கமாக வளைக்கக் கூடாது. வேகம் வேண்டுமானால் ஆரம் இன்னும் பல மடங்கு வேண்டும்.

கடற்கரை தட்டையானது என்பதால் பாதை போடுபவர்களுக்கு அது பிடிக்கும். வழியில் மலைமூக்கு ஒன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டு நின்றால் மேலே ஏற முடியாது. கடலுக்குள் கரை கட்டிச் சுற்ற வேண்டும், அல்லது துளைக்க வேண்டும். டவுன்ஹில்லில் துளைத்தார்கள்.

ஓடும் ரயிலின் அதிர்வு எவ்வளவு?

கட்டடத்துக்குக் கேடு வருமா என்று பார்க்க, நிலத்தின் ஒரு துகள் அதிர்வின்போது அடையும் உச்ச வேகத்தை அளக்கிறார்கள். அலகு மில்லிமீட்டர்/வினாடி, மி.மீ./வி. என்று எழுதுவோம். நிலம் எவ்வளவு நகர்ந்தது என்பதைவிட இந்த வேகம்தான் சுவரில் விழும் இழுவிசையோடு நெருக்கமாகப் பொருந்துகிறது.

சில எண்களை மனதில் வைத்துக்கொண்டால் செய்தி படிக்க உதவும்.

1. மனிதனுக்கு அதிர்வு தெரியத் தொடங்குவது 0.1 முதல் 0.3 மி.மீ./வி.

2. பழங்கால, நொய்ந்த கட்டடங்களுக்கு ஜெர்மன் தரநிலை வைத்திருக்கும் எச்சரிக்கைக் கோடு, குறைந்த அதிர்வெண்ணில் (நிலம் வினாடிக்குச் சில முறை மட்டும் துடிக்கும்போது) 3 மி.மீ./வி. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் வழிகாட்டியிலும் மிக நொய்ந்த கட்டடங்களுக்கு ஏறக்குறைய இதே அளவுதான்.

3. தண்டவாளத்திலிருந்து 15 மீட்டரில், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் இன்ஜின் இழுக்கும் ரயில் சாதாரண மண்ணில் உண்டாக்குவது தோராயமாக 1 முதல் 2 மி.மீ./வி. 50 மீட்டர் தள்ளிப் போனால் அதில் சிறு பங்கே மிஞ்சும்.

முதல் எண்ணுக்கும் இரண்டாவது எண்ணுக்கும் நடுவே பத்து மடங்காவது இடைவெளி இருப்பதைக் கவனிக்க வேண்டும். காலுக்கு அதிர்வு தெரிகிறது, ஜன்னல் கண்ணாடி கிணுகிணுக்கிறது என்பதாலேயே சுவர் விரிசல் விடுகிறது என்று ஆகாது. ரயில்வே லைன் ஓரத்து வீடுகளில் தெரியும் விரிசல்களில் பெரும்பாலானவை வெயில், மழை, களிமண்ணின் வீக்கம், ஆழமில்லாத அஸ்திவாரம் ஆகியவற்றின் வேலை. பழி மட்டும் ரயிலுக்கு.

ஆனாலும் அதிர்வு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இராது. எது கூட்டுகிறது, எது குறைக்கிறது என்பதுதான் பயனுள்ள விஷயம்.

வேகம் இரட்டித்தால் அதிர்வும் ஏறத்தாழ இரட்டிக்கும். பிரேக் பிடித்து இழுபட்டதால் சக்கரத்தில் தட்டையான இடம் விழுந்திருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சம்மட்டி அடி. அதிர்வு சுமார் மூன்று மடங்கு ஆகும். தண்டவாளத்தின் மேற்பரப்பு அலையலையாகத் தேய்ந்திருந்தாலும் அதே மூன்று மடங்கு. பாதை பிரியும் பாயிண்ட் இருக்கும் இடத்திலும் அப்படியே. பழைய முறையில் ஃபிஷ் பிளேட் என்ற இணைப்புப் பட்டை வைத்து முடுக்கிய மூட்டுகளுக்குப் பதிலாக நீளத் தண்டவாளமாகப் பற்றவைத்தால் கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். ஜல்லிக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் மூன்றில் ஒரு பங்காக இறங்கும். ஒரு பழைய மண்டபத்துக்கு அருகே பாயிண்ட் வைக்காமல் 200 மீட்டர் தள்ளி வைப்பது செலவே இல்லாத பாதுகாப்பு. திட்ட வரைபடத்தில் இதை யாரும் கேட்பதில்லை.

நிலத்தின் குணமும் முக்கியம். கடினப் பாறை வழியே போகும் அதிர்வு வேகமாகத் துடிக்கும், ஆனால் அளவு சிறியது. ஈரமான களிமண்ணில் மெதுவான, நீண்ட அலைகள் தூரம் போகும். கட்டடம் இயல்பாக ஆடும் தாளத்தோடு அவை ஒத்துப்போகவும் வாய்ப்பு அதிகம். மசென்டன் மண்டபத்துக்குப் பாறை அடித்தளம் கிடைத்தது அதிர்ஷ்டம். உப்பனாற்று ஓரத்துச் சேற்றில் நிற்கும் ஒரு பழைய கிடங்குக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது.

கடற்கரைப் பாதைக்கே உரிய சிக்கலும் இருக்கிறது. உப்புக் காற்றில் தண்டவாளத்தின் அடிப்பாகம் அரிக்கும். சிலீப்பரோடு தண்டவாளத்தைப் பிடிக்கும் கிளிப் துருப்பிடித்து இறுகிவிடும். கிரீஸ் போட்டுக் கழற்றி மாட்டுவதை ஒரு சுற்று தவறவிட்டால் பிடிமானம் குறைந்து தண்டவாளம் தடதடக்கத் தொடங்கும். திறந்த நாளில் அளந்த அதிர்வு பத்தாம் ஆண்டில் அப்படியே இராது. பராமரிப்புப் பதிவேடும் சின்னத்தின் பாதுகாப்பில் அடங்கும்.

கட்டும் காலம்: ஆபத்து நிஜமாகும் இடம்

ரயில் பல ஆண்டுகள் ஓடி உண்டாக்காத சேதத்தை ஒரு பிற்பகல் வெடி உண்டாக்கிவிடும்.

டவுன்ஹில்லில் 1846-இல் பாறையைத் தகர்க்க 3,600 பவுண்டு, அதாவது சுமார் 1,630 கிலோ கருமருந்தை வைத்து வெடித்தார்கள். ஏறக்குறைய 30,000 டன் பாறை சரிந்து விழுந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய வேடிக்கை. கூட்டம் கூடிப் பார்த்தது. இன்று அப்படி ஒரு வெடிக்கு எந்த ஊரிலும் அனுமதி கிடைக்காது. காரணத்தை எண்ணில் பார்க்கலாம்.

வெடியால் வரும் அதிர்வு இரண்டைப் பொறுத்தது: தூரம், ஒரே கணத்தில் வெடிக்கும் மருந்தின் எடை. தூரத்தை அந்த எடையின் வர்க்கமூலத்தால் வகுத்து வரும் எண் பெரிதாக இருந்தால் அதிர்வு குறைவு. பரவலாகப் புழங்கும் ஒரு சூத்திரப்படி 100 மீட்டர் தள்ளி நிற்கும் கட்டடத்தில்:

1. ஒரே கணத்தில் 25 கிலோ வெடித்தால் சுமார் 9 மி.மீ./வி.
2. 4 கிலோ வெடித்தால் சுமார் 2 மி.மீ./வி.
3. 1 கிலோ வெடித்தால் 1 மி.மீ./வி.க்கும் கீழே.

1,630 கிலோவை அதே சூத்திரத்தில் போட்டால் 250 மி.மீ./வி.யைத் தாண்டும். கருமருந்து மெதுவாக எரிவதால் நிஜத்தில் அதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். அப்படியும் கணக்கு எங்கே நிற்கிறது என்று தெரிகிறதல்லவா.

இந்தியாவில் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் 1997-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை வரலாற்றுச் சின்னங்களுக்கு விதிக்கும் வரம்பு: அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் 2 மி.மீ./வி., 8 முதல் 25 வரை 5, அதற்கு மேல் 10. சாதாரண வீடுகளுக்கு இதே மூன்று நிலைகளில் 5, 10, 15. சின்னத்துக்கு அருகே பாறை வெட்டும் ஒப்பந்தக்காரர் எந்த வரிசையைக் காட்டுகிறார் என்று பார்க்க வேண்டும். வீட்டு வரிசையைச் சின்னத்துக்குக் காட்டிவிட்டு ‘விதிக்கு உட்பட்டே வெடித்தோம்’ என்று சொல்வது சுலபம்.

மொத்தம் எவ்வளவு மருந்து என்று கேட்பது வீண். 50 கிலோவையும் ஐம்பது துளைகளில் கிலோ கிலோவாகப் போட்டு, ஒவ்வொன்றையும் சில பத்து மில்லிவினாடி இடைவெளியில் வெடித்தால் அதிர்வு கிட்டத்தட்ட ஒரு கிலோவுடையதுதான். கேட்க வேண்டியது ஒரு தாமதத்துக்கு, அதாவது ஒரே கணத்தில் வெடிக்கும் ஒரு சுற்றுக்கு, எத்தனை கிலோ என்பதை. கட்டடம் ரொம்ப அருகில் என்றால் வெடியையே விட்டுவிட்டு, துளைகளில் விரியும் சுண்ணக் கலவையை ஊற்றிப் பாறையைப் பிளப்பார்கள், அல்லது வைரக் கம்பி ரம்பத்தால் அறுப்பார்கள். நேரமும் பணமும் கூடும், அதிர்வு இராது.

சுரங்கம் குடைவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடைந்த இடத்தை நோக்கிச் சுற்று மண் கொஞ்சம் நகரும். மேலே நிலம் ஒரு பள்ளம்போல் இறங்கும். 7 மீட்டர் விட்டச் சுரங்கம், 20 மீட்டர் ஆழம், குடைந்த பரப்பில் 1 சதவீதம் மண் உள்ளே தள்ளிவந்தது என்று வைத்தால், நேர் மேலே சுமார் 15 மி.மீ. இறக்கம் வரும். நல்ல பாறையில் இழப்பு பத்தில் ஒரு பங்கு. இறக்கம் ஒன்றரை மி.மீ. கட்டடம் முழுவதும் ஒரே சீராக இறங்கினால் கெடுதல் குறைவு. ஒரு மூலை மட்டும் இறங்கும்போதுதான் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்புச் சாந்து பிளக்கும். குடையும்போது நிலத்தடி நீரும் சுரங்கத்துக்குள் வடிந்தால் இறக்கம் வேலை முடிந்த பிறகும் தொடரும்.

மண்டபத்தை உண்மையில் நெருங்கியது எது?

மசென்டன் மண்டபத்தைச் சுற்றி ஒரு காலத்தில் குதிரை வண்டி ஓட்ட இடம் இருந்ததாகச் சொல்வார்கள். இன்று கடல் பக்கத்தில் சுவருக்கும் விளிம்புக்கும் நடுவே அப்படி இடம் இல்லை. சின்னத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் 1997-இல் பாறை முகத்தை உறுதிப்படுத்தும் வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. எதிரி ரயில் அல்ல, பாறை விளிம்பின் தேய்மானம்.

செங்குத்துப் பாறை பின்வாங்கும் விதம் இது:

1. மேலே விழும் மழை, பாறையின் இயற்கை வெடிப்புகளில் இறங்குகிறது. பசால்ட் குளிர்ந்து இறுகியபோதே உண்டான வெடிப்புகள் ஏராளம்.

2. வெடிப்பில் நீர் நிரம்பினால் அது பக்கவாட்டில் தள்ளும். 10 மீட்டர் ஆழத்துக்கு நிரம்பிய வெடிப்பின் அடியில் ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டன் அழுத்தம். குளிர்நாடுகளில் அது உறைந்து இன்னும் விரியும்.

3. அடியில் அலையோ ஓடையோ பாதத்தைக் கரைத்துவிட்டால் மேலே நிற்கும் பாறைக்குத் தாங்கல் போய்விடும்.

4. ஒரு நாள் ஒரு துண்டு மொத்தமாக இறங்கும். பெரும்பாலும் கனமழைக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ.

இதில் ரயிலுக்கு உள்ள இடம் வேடிக்கையானது. பாறையின் பாதத்தில் கல் கரை கட்டிப் பாதை போட்டால், அலை பாதத்தைத் தொடுவது நின்று மேலே இருப்பதற்கு அது காவலாகவும் ஆகலாம். பாறை விழும்போது முதலில் அடிபடுவதோ ரயில்தான். 2002-இல் டவுன்ஹில் அருகே சரிவிலிருந்து விழுந்த பாறையில் மோதி ஒரு ரயில் தடம் புரண்டது. இங்கிலாந்தின் டாலிஷ் என்ற ஊரில் 2014 பிப்ரவரிப் புயலில் கடல் சுவர் உடைந்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. பாதை ஏப்ரல் வரை மூடியிருந்தது. நம் கொங்கண் ரயில்வேயில் 2003 ஜூனில் வைபவ்வாடி அருகிலும், 2004 ஜூனில் இன்னொரு இடத்திலும் மழையில் சரிந்த பாறைகளால் கோர விபத்துகள் நடந்தன. அதன் பிறகுதான் சரிவைச் சாய்த்து வெட்டுவது, இரும்பு வலை போர்த்துவது, மழைக்காலத்தில் வேகத்தைக் குறைத்துத் தனிக் கால அட்டவணை, இரவு ரோந்து எல்லாம் இறுகின.

நம் கரையில் இதைப் பொருத்திப் பார்த்தால்

கடலூர், புதுச்சேரிக் கரையில் 120 அடிச் செங்குத்து கிடையாது. ரயில் பாறைக்கு அடியில் நுழைந்து வரும் காட்சி இங்கே அமையாது. ஆகவே படத்தை வைத்து நம் திட்டத்தை எடைபோடுவது தப்பு. நமக்கு இருக்கும் கவலைகளே வேறு.

முதலாவது, மேட்டு நிலத்தின் கல். கடலூரின் கேப்பர் மலையும், புதுச்சேரிக்கு வடமேற்கே ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேடும் ‘கடலூர் மணற்கல்’ என்று புவியியலாளர்கள் அழைக்கும் படிவத்தால் ஆனவை. திருவக்கரையின் கல்மரங்கள் கிடப்பதும் இதே படிவத்தில்தான். மேலே செம்பாறை ஓடு கெட்டியாக இருக்கும். அதற்கு அடியில் கையால் உதிர்க்கக்கூடிய மணல். ஓட்டை வெட்டித் திறந்துவிட்டால் ஒரே வடகிழக்குப் பருவத்தில் ஓடை அரித்து ஆள் ஆழப் பள்ளம் விழும். ஆரோவில் பக்கத்து ஓடைப் பள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்த மண்ணில் ரயிலுக்காக வெட்டு எடுத்தால், வெட்டின் தலைப்பக்கம் மழைநீரைப் பிடித்துத் திருப்பும் வாய்க்கால் முதலில் வர வேண்டும், வெட்டு பிறகு. தலைகீழாகச் செய்தால் சரிவு பின்னோக்கித் தின்றுகொண்டே போகும். மேலே கோயிலோ மண்டபமோ இருந்தால் அதன் பக்கமாகத்தான் போகும்.

இரண்டாவது, வெள்ளம். கடற்கரைக்கு இணையாகப் போகும் பாதை, மேற்கிலிருந்து வரும் பாலாறு, சங்கராபரணி, தென்பெண்ணை, கெடிலம் எல்லாவற்றையும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், அவை அகலமாகவும் மெதுவாகவும் இருக்கும் இடத்தில் குறுக்கே வெட்டும். மண் கரை போட்டு ரயிலை உயர்த்தினால் அது ஓர் அணைதான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் பெய்தது. அந்த வெள்ளத்தில் விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே பாலத்தின் கர்டர் மட்டம் வரை தண்ணீர் ஏறி ரயில்களை நிறுத்தினார்கள். அது உள்நாட்டுப் பாதை. முகத்துவாரத்தில் ஏற்ற நேரக் கடல்நீரும் எதிர்த்து நிற்கும். கரைக்கு மேற்கே தேங்கும் தண்ணீர் எங்கே நிற்கும், அங்கே என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பண்டைய துறைமுகமான அரிக்கமேடு ஆற்றோரம் இருக்கிறது. அதன் ஒரு பகுதியை அரியாங்குப்பம் ஆறு ஏற்கெனவே தின்றிருக்கிறது. அந்த ஆற்றில் ஒரு பாலத் தூண் தவறான இடத்தில் நின்று நீரோட்டத்தை ஒரு கரைப் பக்கம் தள்ளினால் போதும். ரயிலின் அதிர்வு நூறு ஆண்டில் செய்யாததை நாலு வெள்ளம் செய்துவிடும்.

மூன்றாவது, மணல் ஓட்டம். இந்தக் கரையில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் அதை மறித்ததும், தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரக் கடற்கரை காணாமல் போய்க் கற்கள்தான் மிஞ்சின. கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நின்றது, அதற்கு வடக்கே இருந்த மீனவ ஊர்களில் ஆரம்பித்தது. கடற்கரை ரயிலைக் காக்க ஓரிடத்தில் கல் கொட்டினால் கணக்கு அதேதான். பாதை கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே தள்ளி வந்தால் இந்தத் தொல்லையில் பாதி தீரும்.

மாமல்லபுரத்துக் கருங்கல் குன்றுக்கு அதிர்வு பெரிய விஷயமே அல்ல. கலங்கரை விளக்கமும் மகிஷமர்த்தினி குகையும் இருக்கும் அந்தக் குன்று முழுப் பாறை. கடற்கரைக் கோயிலின் நோய் உப்பு. அலைத்தூறலில் வரும் உப்பு கல்லின் நுண்துளைக்குள் போய்ப் படிகமாகி, சிற்பத்தின் மேற்பரப்பை மாவாக உதிர்க்கிறது. தொல்லியல் துறை ஈரக் காகிதக் கூழை அப்பி, காய்ந்ததும் உரித்து உப்பை வெளியே எடுப்பது அதற்குத்தான். அங்கே ரயில் வந்தால் கூட்டம் கூடும், வண்டி நிறுத்தம், கழிப்பறை, ஆழ்துளைக் கிணறு எல்லாம் கூடும். அதிர்வு அளவியை வைத்துவிட்டு இதையெல்லாம் விட்டுவிட்டால் அளந்து பயனில்லை.

கடற்கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால், திண்டிவனம்–திருவண்ணாமலை புதிய பாதை செஞ்சிப் பக்கம் வர வேண்டியது. ‘குன்றின் மேல் சின்னம், கீழே ரயில்’ என்ற படத்துக்கு நம் வட்டாரத்தில் நெருங்கி வருவது அதுதான். செஞ்சிக் குன்றுகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய கருங்கல் உருண்டைகள். உருண்டை நிற்பது அடியில் இருக்கும் சிறு தொடுபரப்பில். அங்கே வெடிக்கு வைக்கும் வரம்பு கோட்டைச் சுவருக்கு மட்டும் போதாது, உருண்டைகளுக்கும் வேண்டும்.

சட்டம் எதைத் தடுக்கிறது?

1958-ஆம் ஆண்டு தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தப்படி, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்த பகுதி. அதற்கு வெளியே இன்னொரு 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. இரண்டாவதில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் பரிந்துரையோடு அனுமதி பெற்றுக் கட்டலாம். இங்கே மூன்று இடத்தில் குழப்பம் வருகிறது. தூரம் கோபுரத்திலிருந்து அல்ல, அறிவிக்கப்பட்ட எல்லையிலிருந்து அளக்கப்படுகிறது. மாநிலத் தொல்லியல் துறையின் கீழ் உள்ளவற்றுக்கு 1966-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தனி. எந்தப் பட்டியலிலும் இல்லாத பழைய சத்திரத்துக்கோ பிரெஞ்சுக்காலக் கிடங்குக்கோ இந்த 300 மீட்டர் பொருந்தவே பொருந்தாது. ஓட்டைகள் மூன்றாவதில்தான் அதிகம்.

திட்ட அறிக்கை கையில் கிடைத்தால் தேட வேண்டியவை

1. சின்னத்துக்கும் தண்டவாளத்தின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம், மீட்டரில். ‘அருகில்’, ‘போதிய தொலைவில்’ என்ற சொற்கள் இருந்தால் திருப்பிக் கேட்க வேண்டும்.

2. ஒரு தாமதத்துக்கு அதிகபட்ச வெடிமருந்து எத்தனை கிலோ. வரம்பைத் தாண்டினால் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு. ஒப்பந்தக்காரருக்கே என்றால் அந்த வரி செல்லாக்காசு.

3. பாயிண்ட், மேம்பாலத் தூண், கிராசிங் எவையும் சின்னத்துக்கு நேரே வருகின்றனவா.

4. மண் கரையில் சிறுபாலங்களின் மொத்தத் திறப்பு. எந்த ஆண்டு வெள்ளத்தை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பது அதைவிட முக்கியம். 2015, 2024 மழைகளைச் சேர்க்காத கணக்கு இந்த மாவட்டத்துக்கு உதவாது.

5. வெட்டு எடுக்கும் இடங்களில் தலைவாய்க்கால், சரிவின் சாய்வு, புல் பிடிப்பதற்குள் மழை வந்தால் என்ன போர்த்துவார்கள் என்பது.

6. வேலைக்கு முன்பே எடுத்த விரிசல் பதிவு. ஒவ்வொரு விரிசலுக்கும் படம், அகலம், தேதி. விரிசல் விரிகிறதா என்று காட்ட, குறுக்கே ஒட்டிய அளவுச் சில்லு. இந்தப் பதிவு குறைந்தது ஓர் ஆண்டு, ஒரு சித்திரை வெயிலும் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையும் உள்ளடங்கியதாக இருக்க வேண்டும். பழைய கல் கட்டட விரிசல் வெயிலுக்கும் குளிருக்கும் தானாகவே ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு திறந்து மூடும். அந்த இயல்பான ஆட்டம் ஏட்டில் இல்லாவிட்டால், பின்னால் வரும் எந்த அளவையும் ரயில் தரப்பு ‘பருவ மாற்றம்’ என்று சொல்லலாம், எதிர்த்தரப்பு ‘ரயில் அதிர்வு’ என்று சொல்லலாம். இரண்டையும் பிரித்துக் காட்ட வழி இராது.

7. பாதை திறந்த பிறகு அந்தச் சில்லுகளைப் படிப்பது யார் பொறுப்பு, எத்தனை ஆண்டுகளுக்கு, அதற்கான பணம் எந்தத் தலைப்பில். கட்டுமானச் செலவில் சேர்த்திருந்தால் திறப்பு விழாவோடு அந்தக் கணக்கு முடிந்துவிடும். பராமரிப்புச் செலவில் தனியாக எழுதியிருக்க வேண்டும்.